வண்டி நின்றதும் முதல் பத்து நிமிடம்: ஃபோர் வீல் டிரைவ் அனுபவங்கள்

வழியில் நிற்கிற வண்டியைக் கண்டால் ஓரங்கட்டி இறங்கி, என்ன ஆச்சு என்று கேட்பது என் வழக்கம். அப்படி இறங்கிப் பார்த்ததில் எனக்கு ஒன்று தெளிவானது. வண்டிக்கும் ஆளுக்கும் பெரிய சேதம் வருவது, பெரும்பாலும் பழுதானதும் பதறிப்போய்ச் செய்கிற வேலையால்தான். ஃபோர் வீல் டிரைவ் வண்டியில் (நாலு சக்கரத்துக்கும் எஞ்சின் சக்தி போகிற வகை) இந்த ஆபத்து இன்னும் கூடுதல். எடை அதிகம், நிற்கிற இடம் சரிவாகவோ சேறாகவோ இருக்கும், உதவிக்கு ஆள் வர நேரமாகும். சாதாரண காரில் பழகின கை இங்கே சில இடங்களில் ஏமாந்துபோகும். நீங்கள் கண்டதையும் எழுதுங்கள். நான் ஒரு ஜாக்கி சம்பவத்திலிருந்து தொடங்குகிறேன்.

மண் சாலை, லேசான இறக்கம். பழைய மாடல் வண்டி ஒன்றில் பின்பக்க இடது டயர் பஞ்சர். ஹேண்ட் பிரேக் நன்றாக இழுத்திருந்தார்கள். ஆக்சிலுக்கு (சக்கரங்களை இணைக்கிற அச்சு) கீழே ஜாக்கி கொடுத்துத் தூக்கி, நட்டுகளைக் கழற்ற ஆரம்பித்திருந்தார்கள். நான் பக்கத்தில் போனபோது தூக்கியிருந்த டயர், யாரும் தொடாமலே மெதுவாகப் பின்பக்கமாகச் சுற்றியது. அதே நேரத்தில் வண்டி முன்னால் நகர்ந்தது. "எல்லாரும் விலகுங்க" என்று கத்தினேன். வண்டி ஒரு சாண் போயிருக்கும், ஜாக்கி சாய்ந்தது. நல்லவேளை, முன் டயர் ஒரு கல்லில் முட்டி நின்றுவிட்டது. அந்த நொடியில் ஒருவருடைய முழங்கால் ஆக்சிலுக்கு அடியில் இருந்தது.

ஹேண்ட் பிரேக் பழுதில்லை, நன்றாகவே பிடித்திருந்தது. ஆனால் அந்த வகை வண்டியில் ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் இருக்காது, ட்ரான்ஸ்ஃபர் கேஸுக்கு (சக்தியை முன்னுக்கும் பின்னுக்கும் பிரிக்கிற பெட்டி) பின்னால், ப்ராப்பெல்லர் ஷாஃப்டில் (சக்தியைப் பின் ஆக்சிலுக்குக் கொண்டுபோகிற தண்டு) இருக்கும். ஷாஃப்ட் நின்றாலும், டிஃபரன்ஷியல் (இரண்டு சக்கரமும் வேறுவேறு வேகத்தில் சுற்றவிடுகிற பல்சக்கரப் பெட்டி) ஒரு சக்கரத்தை முன்னும் மற்றதைப் பின்னும் சுற்றவிடும். இரண்டு சக்கரமும் தரையில் இருக்கும்வரை அது நடக்காது. ஒன்றைத் தூக்கினதும் தரையில் இருக்கிற சக்கரம் தாராளமாக உருளும், தூக்கின சக்கரம் எதிர்த்திசையில் சுற்றும். கியரில் போட்டு நிறுத்துவதும், ஆட்டோமேட்டிக்கில் 'பி'யில் போடுவதும் இதே கதைதான். இரண்டுமே சக்கரத்தைப் பிடிப்பதில்லை, ஷாஃப்டைத்தான் பிடிக்கின்றன.

அதனால் ஜாக்கியைத் தொடுவதற்கு முன்னால் செய்ய வேண்டியது இது. முடிந்தவரை சமதளத்துக்கு நகர்த்துங்கள். டயர் போனாலும் பரவாயில்லை, ஆள் முக்கியம். எதிர்மூலையில் இருக்கிற சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல்லோ கட்டையோ நன்றாக இறுக்கிக் கொடுங்கள். ஃபோர் வீலில் போட்டு (முன் ஹப், அதாவது சக்கரத்தின் நடுப்பகுதி, கையால் பூட்டுகிற வகை என்றால் அதையும் பூட்டி) கியரில் நிறுத்துங்கள். அப்போது முன் சக்கரங்களும் சேர்ந்து பிடிக்கும். நட்டுகளை டயர் தரையில் இருக்கும்போதே கால் சுற்று தளர்த்திவிட வேண்டும். தூக்கின பிறகு ஸ்பேனரில் ஏறி மிதித்தால் வண்டியே ஆடும். மண் இளகலாக இருந்தால் ஜாக்கிக்கு அடியில் கனமான பலகை கட்டாயம். கழற்றின டயரையோ ஸ்டெப்னியையோ சேஸிஸுக்கு (வண்டியின் அடிச்சட்டம்) அடியில் படுக்கப் போடுங்கள். ஜாக்கி நழுவினாலும் வண்டி அதன் மேல்தான் இறங்கும்.

மாட்டும்போது நட்டுகளை நட்சத்திர வரிசையில், எதிரெதிராக இறுக்கி, 50 முதல் 100 கிலோமீட்டருக்குள் இன்னொரு முறை பார்த்துவிடுங்கள். இன்னொன்று: வண்டிக்கு அடியில் சங்கிலியில் தொங்குகிற ஸ்டெப்னி என்றால் அவ்வப்போது இறக்கி ஏற்றுங்கள். துருப்பிடித்து இறங்க மறுத்த ஸ்டெப்னியோடு அந்தி நேரத்தில் போராடினவர்களைப் பார்த்திருக்கிறேன்.

*

அண்ணா, படிக்கும்போதே வயிற்றைப் பிசைந்தது. நான் தண்ணீர்க் கதை சொல்கிறேன்.

காட்டாறு ஒன்றைக் கடக்கிற இடம். எங்களுக்கு முன்னால் போன வண்டி நடு ஆற்றில் நின்றுவிட்டது. ஹெட்லைட் மட்டத்துக்குத் தண்ணீர். ஓட்டினவர் கை சாவியில் இருந்தது, செல்ஃப் அடிக்கப் போகிறார். என் நண்பர் கரையிலிருந்தே "சாவியிலிருந்து கையை எடுங்க, ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்று கத்திவிட்டார். அந்த ஒரு கூச்சல்தான் அந்த எஞ்சினைக் காப்பாற்றியது என்று இன்றைக்கும் நம்புகிறேன்.

காற்று போகிற வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் போய்விட்டால் பிஸ்டனால் அதை அழுத்த முடியாது. காற்று சுருங்கும், தண்ணீர் சுருங்காது. செல்ஃப் அடித்து எஞ்சினைச் சுற்றவைத்தால் கனெக்டிங் ராடு வளையும், சில சமயம் பிளாக்கையே உடைத்துக்கொண்டு வெளியே வரும். கயிறு போட்டு வந்த வழியே பின்னால் இழுத்தோம். ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்தால் ஃபில்டர் தாள் நனைந்து தொங்கியது, பெட்டியின் அடியில் தண்ணீர். அதுவே போதுமான சாட்சி. அது டீசல் வண்டி. எங்களோடு வந்த மெக்கானிக் க்ளோ பிளக் (சிலிண்டரைச் சூடாக்குகிற பிளக்) அத்தனையையும் கழற்றினார். எல்லாரையும் எஞ்சினுக்கு நேரே நிற்காமல் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுச் செல்ஃப் அடித்தார். இரண்டு சிலிண்டரிலிருந்து தண்ணீர் பீய்ச்சி அடித்தது. தண்ணீர் வருவது நிற்கிறவரை அடித்து, எஞ்சின் ஆயிலில் தண்ணீர் கலக்கவில்லை என்று டிப் ஸ்டிக்கில் பார்த்த பிறகுதான் பிளக்கை மாட்டி ஸ்டார்ட் செய்தார். பெட்ரோல் வண்டி என்றால் ஸ்பார்க் பிளக்கைக் கழற்ற வேண்டும். வேகமாகப் போகும்போது தண்ணீர் குடித்து எஞ்சின் டக்கென்று நின்றிருந்தால் அப்போதே ராடு வளைந்திருக்க வாய்ப்பு உண்டு. அந்த மாதிரி நேரத்தில் எதையும் முயலாமல் பட்டறைக்கு ஏற்றிப்போவதுதான் நல்லது.

ஆற்றில் இறங்குகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். ஓடுகிற தண்ணீரில் ஒரு அடி ஆழமே பல கார்களை இழுத்துப்போகும். இரண்டு அடி இருந்தால் பெரிய எஸ்யூவியையும் தூக்கும். வண்டி கனமாக இருக்கிறதே என்ற தைரியம் வேண்டாம். இறங்கி நடந்து கடக்க முடியாத தண்ணீரில் வண்டியையும் விடக்கூடாது, அவ்வளவுதான். நின்ற தண்ணீர் என்றால் ஃபோர் லோவில் (நாலு சக்கரமும் குறைந்த வேகத்தில், கூடுதல் இழுவையோடு ஓடுகிற நிலை) முதல் அல்லது இரண்டாம் கியரில், ஆள் நடக்கிற வேகத்தில், நடுவில் கிளட்ச் மிதிக்காமல், முன்னால் ஒரு சிறு அலை தள்ளிக்கொண்டே போகிற மாதிரிப் போங்கள்.

பலருக்குத் தெரியாத ஒன்றும் உண்டு. நீண்ட தூரம் ஓடி வந்த டிஃபரன்ஷியல் சூடாக இருக்கும். அதைத் திடீரென்று குளிர்ந்த தண்ணீரில் இறக்கினால் உள்ளே இருக்கிற காற்று சுருங்கி வெளியிலிருந்து இழுக்கும். ப்ரீதர் குழாய் (அதற்குக் காற்று போய்வருகிற வழி) தண்ணீருக்குள் இருந்தால் தண்ணீரைத்தான் இழுக்கும். அதனால் கரையில் கொஞ்ச நேரம் நிறுத்தி ஆறவிட்டு இறங்க வேண்டும். மேலே வந்ததும் பிரேக்கை லேசாக மிதித்துக்கொண்டே ஓட்டி உலர்த்துங்கள். வீடு போனதும் டிஃபரன்ஷியல் ஆயிலைப் பாருங்கள். வெளுத்து, பால் கலந்த நிறமாக இருந்தால் தண்ணீர் போயிருக்கிறது. அன்றே மாற்ற வேண்டும், அடுத்த சர்வீஸுக்குத் தள்ளக்கூடாது. பேரிங் அதற்குள் போய்விடும்.

*

மணலில் நான் பார்த்தது இது. ஒரு வண்டி ஆக்சில் வரை புதைந்து கிடந்தது. இழுக்க வந்த வண்டியில் கயிற்றை டிரெய்லர் உருண்டையில் (டிரெய்லரை இணைக்கிற இரும்பு உருண்டை) மாட்டி, ஓடிவந்து வெடுக்கென்று இழுக்கத் தயாரானார்கள். சுற்றிலும் பத்துப் பேர், செல்போனில் படம் எடுத்துக்கொண்டு. நான் குறுக்கே போய் நின்றேன். கோபப்பட்டார்கள், பரவாயில்லை.

டிரெய்லர் உருண்டை இப்படி வெட்டி இழுப்பதற்குச் செய்தது இல்லை. மீட்புக்கென்று இருக்கிற நைலான் பட்டை கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு நீளும். அந்த நீட்சி எல்லாம் சேர்த்துவைத்த சக்தி. உருண்டை முறிந்தால் பீரங்கிக் குண்டாகவே பறக்கும். கண்ணாடியை உடைத்துக்கொண்டு போய் உள்ளே இருப்பவர் உயிரையே எடுத்திருக்கிறது. முன் பம்பரில் திருகி மாட்டுகிற வளையமும் சமசாலையில் மெதுவாக இழுத்துப்போகத்தான், இதற்கு இல்லை. சேஸிஸில் போல்ட் போட்ட, தாங்கும் எடை குறிப்பிட்ட கொக்கி வேண்டும். பட்டையின் நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு தூரத்துக்குள் ஒருவரும் நிற்கக்கூடாது. பட்டையின் நடுவில் ஈரச் சாக்கோ கனத்த போர்வையோ போட வேண்டும்.

கடைசியில் கயிறே தேவைப்படவில்லை. மண்வெட்டியால் நாலு டயருக்கு முன்னும், வயிற்றுக்கு அடியிலும் மணலை வாரினோம். அடி தட்டிக் கிடந்தால் எவ்வளவு சக்தி இருந்தும் வண்டி நகராது. டயரில் காற்றை 18 பி.எஸ்.ஐ.க்கு இறக்கினோம். டயர் நீளவாக்கில் படிந்து மணல்மேல் நிற்கிற பரப்பு கூடிவிடும். ஃபோர் லோ, இரண்டாம் கியர், ஸ்டீயரிங் நேர். ஆக்சிலரேட்டரை மெதுவாகக் கொடுத்ததும் வண்டி முனகிக்கொண்டே ஏறி வந்துவிட்டது. காற்று குறைத்த டயரில் சட்டென்று வளைத்தால் ரிம்மிலிருந்து கழன்றுவிடும். தார் சாலைக்கு ஏறுவதற்கு முன் திரும்ப நிரப்பிவிட வேண்டும். கம்ப்ரஸர் இல்லாமல் காற்றை இறக்கவே இறக்காதீர்கள்.

*

ஒரு சந்தேகம் சார். மாமாவின் வண்டியில் சேற்றுப் பாதை முடிந்து காய்ந்த தார் சாலைக்கு வந்தோம். ஃபோர் ஹையிலிருந்து (நாலு சக்கரமும் சாதாரண வேகத்தில் ஓடுகிற நிலை) எடுக்கப் பார்த்தால் லீவர் வரவேயில்லை. திருப்பத்தில் வண்டி யாரோ பிடித்து இழுக்கிற மாதிரி இறுகி இறுகித் துள்ளியது. ட்ரான்ஸ்ஃபர் கேஸ் போய்விட்டதா?

*

போகவில்லை தம்பி, பயப்பட வேண்டாம். முதல் பதிவு எழுதினவன்தான் சொல்கிறேன். மாமா வண்டி பார்ட் டைம் ஃபோர் வீலாக இருக்கும். அதில் முன் ஆக்சிலும் பின் ஆக்சிலும் ஒரே வேகத்தில் சுற்றுகிற மாதிரி பூட்டிக்கொள்ளும், நடுவில் டிஃபரன்ஷியல் கிடையாது. திருப்பத்தில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிடப் பெரிய வட்டம் போகின்றன. சேற்றில் டயர் கொஞ்சம் சறுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிசெய்துகொள்ளும். காய்ந்த தாரில் சறுக்க முடியாததால் முறுக்கெல்லாம் ஷாஃப்டிலும் ட்ரான்ஸ்ஃபர் கேஸிலும் ஏறி நிற்கும். லீவர் மாட்டிக்கொள்வது அதனால்தான். அடித்து இழுக்கக் கூடாது. ஸ்டீயரிங்கை நேராக வைத்து சில மீட்டர் ரிவர்ஸ் எடுங்கள், முறுக்கு அவிழும், லீவர் தானாக வரும். மாமாவிடம் சொல்லுங்கள்: பிடிப்பான சாலையில் டூ ஹை (இரண்டு சக்கரம் மட்டும் இழுக்கிற நிலை) மட்டும்தான். ஃபுல் டைம் வகையில் நடுவில் டிஃபரன்ஷியல் இருப்பதால் தாரில் ஓட்டலாம். அந்த நடு டிஃபரன்ஷியலைப் பூட்டுகிற சென்டர் லாக்கை மட்டும் சேற்றுக்கு வைத்துக்கொள்ள வேண்டும்.

இதற்கு நேர்மாறாக, ஃபோர் வீலைத் தொடாமலே வருடக்கணக்கில் ஓட்டுகிறவர்களும் உண்டு. தேவைப்படுகிற அன்றைக்கு அது விழாது. மாதம் ஒரு முறையாவது மண் பாதையில் சில கிலோமீட்டர் ஃபோர் வீலில் ஓட்டினால் முன்பக்கத்து ஆயில் எல்லா இடத்துக்கும் போகும், உள்ளே எதுவும் இறுகிப்போகாது.

பராமரிப்பு என்றால் நான் அதிகம் நம்புவது கையையும் காதையும்தான். நீண்ட ஓட்டம் முடிந்து நிறுத்தினதும் நாலு ஹப் பக்கத்திலும் புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், தொட வேண்டாம். மற்ற மூன்றைவிட ஒன்று மட்டும் அனலடித்தால் பேரிங்கோ, பிடித்துக்கொண்ட பிரேக்கோ காரணம். கியர் மாற்றும்போது அடியில் டணக் என்று சத்தம் கேட்டால் ஷாஃப்டின் யூனிவர்சல் ஜாயின்டைப் பாருங்கள். கிரீஸ் நிப்பிள் இருக்கிற ஜாயின்டில், பழைய கிரீஸ் வெளியே பிதுங்குகிற வரை அடிக்க வேண்டும். தண்ணீரில் இறங்கி வந்தால் மறுபடியும். திருப்பத்தில் முன்பக்கம் டக் டக் என்று கேட்டால் சிவி ஜாயின்ட் (முன் சக்கரத்துக்குச் சக்தி கொண்டுபோகிற மூட்டு). அதன் ரப்பர் பூட் கிழிந்ததைச் சத்தம் வருவதற்கு முன்பே கண்டுபிடித்தால் பூட்டோடு முடிந்துவிடும்.

ஓடும்போது பேட்டரி விளக்கு எரிந்து, ஸ்டீயரிங் கனத்து, சூட்டு முள்ளும் ஏறினால் பல வண்டிகளில் பெல்ட் அறுந்திருக்கிறது என்று அர்த்தம். இன்னும் கொஞ்சம் போய்ப் பார்ப்போம் என்று ஓட்டினால் எஞ்சினின் சிலிண்டர் ஹெட் போய்விடும். உடனே நிறுத்துங்கள், ரேடியேட்டர் மூடியைச் சூட்டில் திறக்காதீர்கள். பெல்ட் நன்றாக இருந்து, சேற்றில் ஓடின பிறகு சூடேறினால் ரேடியேட்டர் இடுக்கில் களிமண் அடைத்திருக்கும். ஆறவிட்டு எஞ்சின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகத் தண்ணீர் அடித்தால் வந்துவிடும். உயரமான காய்ந்த புல்லில் ஓட்டினால் இடையிடையே இறங்கிச் சைலன்சர் பக்கம் சிக்கின புல்லை இழுத்துப் போடுங்கள். முழு வண்டியும் எரிந்துபோக அந்தக் கைப்பிடி புல் போதும்.

*

கடைசியில் ஒரு சேர்க்கை, இழுவை வண்டி கூப்பிடுகிறவர்களுக்காக. நம் வண்டி ஃபோர் வீல் என்பதை முதலிலேயே சொல்லி, நாலு சக்கரமும் மேலே ஏறுகிற தட்டு லாரி வேண்டும் என்று கேளுங்கள். முன்பக்கத்தை மட்டும் தூக்கிப் பின் சக்கரத்தை உருட்டிப்போனால் ஃபுல் டைம் வகையில் நடு டிஃபரன்ஷியல் கெட்டுப்போகும். நான் பார்த்த ஒரு வண்டி சாதாரண ஸ்டார்ட்டர் கோளாறுக்காகப் பட்டறைக்குப் போய், இழுத்த விதத்தால் ட்ரான்ஸ்ஃபர் கேஸ் மாற்றிக்கொண்டு வந்தது. தட்டு லாரி கிடைக்கவே கிடைக்காது என்றால் வண்டியின் கையேட்டில் இழுக்கிற முறை என்று ஒரு பக்கம் இருக்கும். ட்ரான்ஸ்ஃபர் கேஸை நியூட்ரலில் போடலாமா, ஷாஃப்டைக் கழற்ற வேண்டுமா என்று அதில் எழுதியிருப்பார்கள். அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து போனில் வைத்திருக்கிறேன். லாரி ஓட்டுகிறவரிடம் காட்டினால் வாக்குவாதம் இல்லாமல் வேலை நடக்கிறது.