ட்ரோனை லாய்ட்டரில் போட்டதும் வட்டமடிக்கிறது, அவசரம்

கூடுகட்டி:
வணக்கம். என் ட்ரோன் ஸ்டெபிலைஸ் (சமநிலை மட்டும்), ஆல்ட்ஹோல்ட் (உயரம் பிடிப்பது) இரண்டு மோடிலும் நன்றாகப் பறக்கிறது. ஒரே இடத்தில் நிற்க வேண்டிய லாய்ட்டருக்கு மாற்றினால் மட்டும் முதலில் சின்னதாக, அப்புறம் பெரிது பெரிதாக வட்டம் போடுகிறது. நேற்று தென்னை மரத்தில் மோதப் பார்த்தது. 14 சாட்டிலைட் காட்டுகிறது, ஜிபிஎஸ்ஸில் குறையில்லை. வெள்ளிக்கிழமை கல்லூரி நான்காம் வருட ப்ராஜெக்ட் ரிவ்யூ. யாராவது உடனே சொல்லுங்கள்.

சாலிடர்புகை:
எந்த போர்டு? அதில் எந்த ஃபர்ம்வேர் (மென்பொருள்)? திசை காட்டும் காம்பஸ் சென்ஸாரை எங்கே பொருத்தியிருக்கிறீர்கள்? பழைய ஏபிஎம் போர்டு என்றால் காப்டர் ஃபர்ம்வேர் 3.2.1-க்கு மேல் ஏறாது, அதற்கு வேறு வழி பார்க்க வேண்டும்.

மூன்றுபிளேடு:
அதிர்வுதான் தம்பி. என் ஆறு விசிறி ஹெக்ஸாவும் இப்படித்தான் ஆடியது. போர்டுக்கு அடியில் ஜெல் பேட் ஒட்டுங்கள், ப்ரொப்பெல்லரை பேலன்ஸ் செய்யுங்கள்.

எட்டுக்கை:
மாதம் ஒருமுறை இதே கேள்வி வருகிறது. தேடிப் பார்த்துவிட்டுக் கேட்கும் வழக்கம் யாருக்குமே இல்லை. அதிர்வு என்றால் ஆல்ட்ஹோல்டிலேயே உயரம் நிற்காது. லாக் (பறந்த பதிவு) போடுங்கள், அப்புறம் பேசலாம்.

கூடுகட்டி:
மன்னிக்கவும். பிக்ஸ்ஹாக் 2.4.8 போர்டு, காப்டர் 4.5, எஃப்450 ஃப்ரேம், எம்8என் ஜிபிஎஸ் (காம்பஸும் அதற்குள்தான்). லாக் இணைத்திருக்கிறேன்.

எட்டுக்கை:
நீங்கள் போட்டிருப்பது டிலாக். அது ரேடியோ வழியாக லேப்டாப்பில் சேர்ந்தது. போர்டின் எஸ்டி கார்டில் பின் (.bin) கோப்பு இருக்கும், அதுதான் வேண்டும். நான்காவது வருடத்தில் இதுகூடத் தெரியவில்லை என்றால் எப்படி?

சாலிடர்புகை:
தெரியாததால்தானே கேட்கிறார், எட்டுக்கை. தம்பி, பொறுமையாக எடுத்துப் போடுங்கள். காம்பஸ் கேலிப்ரேஷன் (அளவு சரிசெய்தல்) எங்கே செய்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.

தென்திசை:
எந்த ஊர்? பாளையங்கோட்டைப் பக்கம் என்றால் காந்த நடுக்கோடு அருகில்தான் போகிறது. அங்கே பூமியின் காந்தப் புலம் கிடையாகப் படுத்திருப்பதால் காம்பஸ் குழம்பும். திருநெல்வேலியில் புவிகாந்த ஆய்வுக்கூடம் வைத்திருப்பதே அதற்காகத்தான்.

எட்டுக்கை:
தலைகீழ். ட்ரோனின் மூக்கு எந்தத் திசையில் இருக்கிறது என்று கணக்கிடப் பயன்படுவது புலத்தின் கிடைக்கூறு (தரைக்கு இணையான பகுதி). நடுக்கோட்டருகே புலம் முழுவதும் கிடைதான், ஆக அங்கே திசை நன்றாகவே கிடைக்கும். துருவத்துக்குப் பக்கத்தில்தான் திண்டாட்டம்.

தென்திசை:
பகலில் மேல் வளிமண்டலத்தில் மின்னோட்டம் ஓடுவதால் புலம் மாறுகிறதே?

எட்டுக்கை:
மாறுகிறது, நூறு நானோடெஸ்லா அளவில். மொத்தப் புலம் சுமார் 40,000. ட்ரோன் அதைக் கவனிக்கவே கவனிக்காது.

கூடுகட்டி:
ஊர் பாளையங்கோட்டைதான். பின் கோப்பு இணைத்துவிட்டேன். ஜிபிஎஸ் கம்பம் முறிந்துபோனதால் ஜிபிஎஸ்ஸை மேல் தட்டிலேயே டேப் போட்டு ஒட்டியிருக்கிறேன், பேட்டரி ஒயருக்குப் பக்கத்தில். கேலிப்ரேஷன் ஹாஸ்டல் அறையில் செய்தேன்.

சாலிடர்புகை:
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம் தம்பி!

லாக்கில் காந்தப் புலத்தின் மொத்த அளவையும் பேட்டரி கரன்ட்டையும் ஒன்றாக வரைந்து பார்த்தேன். தரையில் 400 மில்லிகாஸ் (அதே 40,000 நானோடெஸ்லா), உங்கள் ஊருக்குச் சரியான அளவு. த்ராட்டில் (மோட்டார் வேகம்) ஏற ஏற 560 வரை போகிறது. 40 சதவீதத் தலையீடு. 30-க்குள் இருந்தால் கவலையில்லை, 60-ஐத் தாண்டினால் பறக்கவே கூடாது. நீங்கள் நடுவில் மாட்டியிருக்கிறீர்கள்.

வட்டம் ஏன் என்றால், மூக்கு வடக்கே இருப்பதாக அது நம்புகிறது, உண்மையில் வேறு பக்கம் இருக்கிறது. காற்று தள்ளியதும் திரும்பி வரப் பார்க்கும், ஆனால் கோணலாக வரும். அதைத் திருத்தப் பார்த்து மறுபடியும் கோணலாகப் போகும். ஆல்ட்ஹோல்ட் இடத்தைப் பிடிக்க முயல்வதே இல்லை, அதனால் அதில் தெரியவில்லை.

ஜிபிஎஸ்ஸைப் பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர் உயரத்துக்குத் தூக்குங்கள். பேட்டரியின் சிவப்பு, கறுப்பு ஒயர்களை ஒன்றோடொன்று முறுக்கி விடுங்கள். லேப்டாப்பில் மிஷன் பிளானர் மென்பொருளின் காம்பஸ் பட்டியலில் போர்டுக்குள் இருக்கும் காம்பஸுக்கு டிக் எடுத்துவிடுங்கள். கேலிப்ரேஷனைத் திறந்த மைதானத்தில் செய்யுங்கள். இரும்புக் கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவில் செய்தது கணக்கில் சேராது. முதலில் ஆல்ட்ஹோல்டில் ஏற்றிவிட்டு லாய்ட்டருக்கு மாற்றுங்கள், ஆட ஆரம்பித்தால் உடனே திரும்பி ஆல்ட்ஹோல்டுக்கு வாருங்கள். விரல் ஸ்விட்சிலேயே இருக்கட்டும்.

மூன்றுபிளேடு:
காம்பஸ்மாட் ஓட்டினால் போதாதா?

எட்டுக்கை:
கரன்ட் ஏறும் அளவுக்கேற்பத் தலையீட்டைக் கழிக்கும், அவ்வளவுதான். ஒயர் கொஞ்சம் நகர்ந்தாலும் கணக்கு மாறிவிடும். இடத்தை மாற்றுவதே சரி. சாலிடர்புகை சொன்னதில் எனக்கும் மறுப்பில்லை.

கூடுகட்டி:
பழைய ஆன்டெனா குழாயில் கம்பம் செய்து போட்டேன். இப்போது லாய்ட்டரில் ஆணி அடித்த மாதிரி நிற்கிறது. ரொம்ப நன்றி அண்ணா.

சாலிடர்புகை:
நல்லது. புது லாக்கையும் போடுங்கள், புலம் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்த்துச் சொல்கிறேன். ரிவ்யூவில் காற்று பலமாக இருக்கலாம்.

சாலிடர்புகை:
தம்பி, லாக்?