புதுப்பிப்பு: ஏரோஸ்பேஸ் கனவுக்குத் துணையாக எதைப் படிப்பது?

கோபிச்செட்டிபாளையத்தில் பன்னிரண்டாவது முடித்த என் அண்ணன் மகளுக்கு ராக்கெட் துறைதான் ஆசை, ஏரோஸ்பேஸ் மட்டும் படித்தால் போதுமா என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன அத்தனை பேருக்கும் நன்றிங்க.

கோவையில் மெக்கானிக்கல் எடுத்துவிட்டாள். இஸ்ரோவின் 'சயின்டிஸ்ட்/இன்ஜினியர் எஸ்சி' (இங்கே எஸ்சி என்பது பதவி நிலையின் பெயர்) வேலை அறிவிப்புகளைப் பார்த்தோம். பெரும்பாலும் மெக்கானிக்கல், எலக்ட்ரானிக்ஸ், கம்ப்யூட்டர் சயின்ஸ்காரர்களைத்தான் கேட்கிறார்கள். பட்டப்படிப்பில் 65 சதவீத மதிப்பெண்ணோ, பத்துக்கு 6.84 சிஜிபிஏவோ (சராசரி தரப்புள்ளி) வேண்டும்.

கூடவே சென்னை ஐஐடியின் ஆன்லைன் டேட்டா சயின்ஸ் பட்டப்படிப்பு. ஒரே நேரத்தில் இரண்டு பட்டம் படிக்க யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2022இல் அனுமதி கொடுத்துவிட்டது. பாரம் அதிகமானால் ஃபவுண்டேஷன் என்ற முதல் கட்டத்தோடு சான்றிதழ் வாங்கி நிறுத்திக்கொள்ளலாம்.

"எதுக்குங்க சித்தப்பா இவ்வளவு கணக்குப் பாடம்?" என்று கேட்டாள். ராக்கெட் லேசாகச் சாய்ந்தால் சென்சார் அதை அளக்கும், கணினி கணக்குப் போடும், நாசில் (வாயு பீய்ச்சி வெளியேறும் முனை) திரும்பி நேராக்கும். மூன்று துறையும் சந்திக்கும் அந்த இடம்தான் கன்ட்ரோல் சிஸ்டம்ஸ். அதற்கு லீனியர் அல்ஜிப்ராவும் டிஃபரன்ஷியல் சமன்பாடுகளும் கைவந்திருக்க வேண்டும். எந்தத் துணைப் படிப்பை எடுத்தாலும் இந்தக் கணக்குப் பாடங்களை விடவே கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

அப்புறம், கோவையும் சேலமும் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் (ராணுவத் தளவாடத் தொழில்களை வளர்க்க அரசு வகுத்த பகுதி) இருக்கின்றன. விமான பாகங்கள் செய்யும் பட்டறை எதிலாவது விடுமுறைப் பயிற்சி கிடைக்குமா என்று விசாரிக்கிறோம். தெரிந்தவர்கள் சொல்லுங்க.