பைசல்பைட் செய்த டி.என்.ஏ-யில் பாண்ட் (ஜெல்லில் தெரியும் கோடு) எதுவுமே வரவில்லை (பி16, எம்.எஸ்.பி) - உதவி தேவை

திருநெல்வேலி_மாணவி:
எல்லாருக்கும் வணக்கம். வாய்ப் புற்றுநோய்த் திசுக்களில் பி16 என்ற புற்றுநோய் தடுக்கும் மரபணுவின் புரொமோட்டரில் (மரபணுவை இயக்கும் முன்பகுதி) மெதில் ஏறி அது அடங்கிப்போயிருக்கிறதா என்று எம்.எஸ்.பி முறையில் (டி.என்.ஏ-யைப் பைசல்பைட்டால் மாற்றி, மெதில் உள்ளதையும் இல்லாததையும் தனித்தனிப் பிரைமரால் பெருக்கிப் பார்க்கும் பி.சி.ஆர்) பார்க்கிறேன். பெரும்பாலும் வெற்றிலை, புகையிலை போடுகிற ஆட்கள், எங்கள் பக்கத்தில் சொல்லவே தேவையில்லை. மெழுகில் பதித்து வைத்த திசுவில் எடுத்த டி.என்.ஏ சிதைந்துவிட்டதாக்கும் என்று புது இரத்தத்திலும் செய்து பார்த்தாச்சு, எம் பிரைமர் (மெதில் உள்ளதற்கு), யூ பிரைமர் (மெதில் இல்லாததற்கு) இரண்டிலும் ஜெல் வெறுமை. பைசல்பைட் செய்யாத அதே டி.என்.ஏ-யில் சாதாரண பிரைமர் போட்டால் பளிச்சென்று வருகிறது. பாவிப்பது பி.எஃப்.யூ பாலிமரேஸ் (டி.என்.ஏ-யைப் பெருக்கும், பிழைதிருத்தும் என்சைம்). பைசல்பைட் கிட்டும் முடியப்போகுது, அடுத்தது கொழும்பில் இருந்து வரவேண்டும்.

கோண்டாவிலான்:
தங்கச்சி, கிட்டை விடுங்கோ, என்சைமை மாத்துங்கோ. மெதில் இல்லாத சைட்டோசின் எல்லாம் பைசல்பைட்டில் யுராசிலாகிவிடும், மெதில் உள்ளது அப்படியே நிற்கும். ஆக உங்கள் டெம்பிளேட் முழுக்க யுராசில். பி.எஃப்.யூ யுராசிலைக் கண்டால் நாலு எழுத்துக்கு முன்னமே நின்றுவிடும், டாக் பாலிமரேஸ் அதைத் தைமின் என்று வாசித்துக்கொண்டு போய்விடும். பிழைதிருத்தும் என்சைம் இந்த வேலைக்குத் தேவையும் இல்லை. ஹொட் ஸ்டார்ட் டாக் (சூடாக்கின பிறகுதான் வேலை தொடங்கும் வகை) கிடைத்தால் நல்லது, மாற்றிய டி.என்.ஏ-யில் சைட்டோசின் குறைந்துபோவதால் பிரைமர் கண்ட இடத்திலும் ஒட்டும்.

ஆரியகுளத்தடி:
மாஸ்டர் மிக்ஸில் (பி.சி.ஆர் கலவை) யூ.என்.ஜி என்சைம் இருக்கிறதா என்றும் பாருங்கோ, இருந்தால் அது யுராசிலையே வெட்டி எறிந்துவிடும். மாற்றிய டி.என்.ஏ ஒற்றை இழை, நனோட்ரொப்பில் (டி.என்.ஏ அளவு பார்க்கும் கருவி) ஆர்.என்.ஏ அமைப்பில் அளக்கவேண்டும்.

திருநெல்வேலி_மாணவி:
பக்கத்து ஆய்வுகூடத்தில் டாக் கேட்டு வாங்கிப் போட்டேன் அண்ணை, 150 இணை அளவில் பாண்ட் வந்துவிட்டது! இரத்தத்தில் யூ மட்டும். ஆனால் புற்றுக் கட்டிகளில் எம், யூ இரண்டும் வருகிறது, மாற்றம் அரைகுறையா? ஒரு கட்டியில் யூ மட்டும்தான், ஆனால் நிறமூட்டிப் பார்த்தால் பி16 புரதமே இல்லை.

கோண்டாவிலான்:
அரைகுறை என்றால் இரத்தத்திலும் எம் எட்டிப் பார்த்திருக்கக்கூடும், சரிவர மாறாத சைட்டோசின் மெதில் மாதிரித்தான் தெரியும். கட்டிக்குள் இருக்கிற நிணக்கலம், நார்க்கலம் எல்லாம் யூ தரும், அதில் பயப்பட ஒன்றும் இல்லை. எஸ்.எஸ்.எஸ்.ஐ என்சைமால் முழுக்க மெதிலேற்றிய டி.என்.ஏ-யை எம் பிரைமருக்கான ஒப்பீட்டு மாதிரியாக ஒவ்வொரு முறையும் கட்டாயம் ஓட்டுங்கோ.

அந்த ஒற்றைக் கட்டிதான் சுவாரசியம். வாய்ப் புற்றுநோயில் 9ஆம் குரோமோசோமில் பி16 இருக்கும் துண்டு அப்படியே அறுந்துபோவது சாதாரணம், அப்போது வருகிற யூ பக்கத்துக் கலங்களுடையது. இல்லாவிட்டால் ஈ.இசட்.எச்2 என்ற என்சைம், டி.என்.ஏ தன்னைச் சுற்றிக்கொள்ளும் ஹிஸ்டோன் எச்3 புரதத்தின் 27ஆம் லைசினில் மூன்று மெதில் வைத்துக் குரோமற்றினை இறுக்கியிருக்கலாம், டி.என்.ஏ-யில் மெதில் இல்லாமலே மரபணு அடங்கிவிடும், எம்.எஸ்.பி-க்கு அது கண்ணில் படாது. முதலில் அந்தக் கட்டியில் பி16 எத்தனை பிரதி இருக்கிறது என்று பிரதி எண்ணிக்கையைப் பாருங்கோ. மெழுகில் பதித்த திசுவில் ஹிஸ்டோன் பார்ப்பது பெரிய தலையிடி, அதைக் கலவரிசையில் (ஆய்வுகூடத்தில் வளர்க்கும் கலங்கள்) செய்வதே புத்தி.

திருநெல்வேலி_மாணவி:
சரி அண்ணை, அந்தக் கட்டியில் புற்றுப் பகுதியை மட்டும் சுரண்டி எடுத்து, பிரதி எண்ணிக்கை பார்த்துவிட்டு எழுதுகிறேன்.