‘கள்ள’ என்ற சொல் இல்லாமல் ‘அஃபேர்’ பற்றித் தமிழில் எப்படிக் கேட்பது?

வணக்கம். ஒரே ஒரு கருத்துக்கணிப்புக் கேள்வியைத் தமிழில் எழுத முடியாமல் மூன்று வாரமாக முழிக்கிறேன்.

சிங்கப்பூரில் ஆங்கிலம், தமிழ் இரண்டிலும் நடத்தும் இறுதியாண்டு ஆய்வு. அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2013-இல் 40 நாடுகளில் கேட்ட கேள்விதான்: திருமணமானவர் ‘அஃபேர்’ வைத்திருப்பது ஒழுக்கப்படி ஏற்கத்தக்கதா, ஏற்க முடியாததா, ஒழுக்கம் சார்ந்த விஷயமே இல்லையா? பிரான்ஸில் 47 சதவீதம் பேர்தான் ஏற்க முடியாது என்றார்கள்.

முதலில் ‘கள்ளத்தொடர்பு’ என்று போட்டேன். அந்தச் சொல்லே தீர்ப்பு சொல்லிவிடுகிறது. அதைப் பார்த்த பிறகு ‘ஏற்கலாம்’ என்று யார் டிக் அடிப்பார்? ‘தகாத உறவு’ம் அதே கதை. சரி, ‘திருமணத்துக்கு வெளியே உறவு’ என்று மாற்றி, ஈசூனில் எங்கள் புளோக்கில் இருக்கும் ஒரு பாட்டியிடம் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தவர், “வெளியே உறவுன்னா, ஜொகூர்ல இருக்கற சொந்தக்காரங்களாப்பா?” என்றார்.

அப்புறம் ஒரு தோழியிடம் தமிழ் வடிவத்தைக் கொடுத்து ஆங்கிலத்துக்குத் திருப்பச் சொன்னேன். ‘அஃபேர்’ போய், பழி தொனிக்கும் ‘அடல்ட்ரி’ ஆகிவிட்டது. ‘அஃபேர்’ என்றே தமிழில் எழுதினால் இளையவர்களுக்குப் புரிகிறது, பாட்டிகளுக்கு இல்லை. சொல்லின் கனம் மொழிக்கு மொழி மாறினால், வரும் வித்தியாசம் மனப்பான்மையுடையதா, மொழிபெயர்ப்புடையதா என்று பிரிக்கவே முடியாது.

20 முதல் 75 வயது வரை உள்ளவர்களிடம் கேட்க வேண்டும். படிவம் அடுத்த வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது.

பழிச்சொல்லாக ஒலிக்காமல், இந்த வயதினர் எல்லாருக்கும் ஒரே பொருளில் புரியும் தமிழ்த் தொடர் எது?