டேங்கிற்கு அடியில் வயர் கட்டைச் சீரமைக்க உதவி தேவை: ஹேண்டில்பாரை இடப்பக்கம் திருப்பினால் ஃப்யூஸ் போகிறது

கேள்வி

வணக்கம். என்னிடம் இருப்பது கார்புரேட்டர் உள்ள, ஒற்றை சிலிண்டர், 12 வோல்ட் பேட்டரி மோட்டார் சைக்கிள். முன்பு வைத்திருந்தவர் அலாரம், கூடுதல் விளக்குகள், இரட்டை ஹாரன் என்று பலவற்றை மாட்டிப் பிறகு கழற்றியிருக்கிறார். பொருள்கள் போய்விட்டன, அவற்றின் வயர்கள் மட்டும் டேங்கிற்கு அடியில் தங்கிவிட்டன.

சென்ற மாதத்திலிருந்து ஹேண்டில்பாரை இடப்பக்கம் முழுவதும் திருப்பும்போது சில நேரங்களில் 15 ஆம்பியர் மெயின் ஃப்யூஸ் போய்விடுகிறது. நேராக ஓட்டும்போது எந்தத் தொல்லையும் இல்லை. டேங்கைக் கழற்றிப் பார்த்தால், பழைய டேப்பின் பசை இளகி வழிந்து, எந்த வயர் எங்கே போகிறது என்றே தெரியாத நிலையில் இருக்கிறது. டேப் முழுவதையும் உரித்து, வேண்டாதவற்றை வெட்டி, மீதியை இறுக்கமாகச் சுற்றி, ஃபிரேமோடு சேர்த்து டை போட்டுவிடலாம் என்று நினைக்கிறேன். இது சரியான வழியா?

பதில் 1

‘இறுக்கமாக’ என்று நீங்கள் எழுதியிருப்பதுதான் எனக்குக் கவலை தருகிறது. அதைப் பிறகு பார்ப்போம். முதலில், தயவுசெய்து இன்னும் எதையும் உரிக்காதீர்கள். உரிக்கத் தொடங்கியதும் வயர்கள் தம் இடத்தைவிட்டு நகரும், ஷார்ட் (மின்சாரம் ஓடும் வயர் ஃபிரேமைத் தொடுவது) தற்காலிகமாக மறையும், நீங்களும் பழுது தீர்ந்தது என்று நம்பி அதே காயம்பட்ட வயரைப் புதிய டேப்பிற்குள் வைத்து மூடிவிடுவீர்கள்.

இப்போது இருக்கும் நிலையிலேயே பழுதைப் பிடிக்க எளிய வழி உண்டு. போன ஃப்யூஸை எடுத்துவிட்டு, அந்த இடத்தின் இரு முனைகளுக்கும் இடையே 21 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒன்றை இரண்டு வயர்களால் இணையுங்கள். ஹெட்லைட், ஹாரன் போன்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டுச் சாவியைப் போடுங்கள். பல்பு எரியாமலோ மிக மங்கலாகவோ இருந்தால் அப்போதைக்கு ஷார்ட் இல்லை. ஹேண்டிலை மெதுவாக இடப்பக்கம் திருப்பும்போது அது பளிச்சென்று எரிந்தால், ஏதோ ஒரு வயர் ஃபிரேமைத் தொடுகிறது என்று பொருள். எவ்வளவு மோசமான ஷார்ட்டாக இருந்தாலும் பல்பு தன் வழியாக 2 ஆம்பியருக்கும் குறைவாகவே விடும் என்பதால் வயர் கருகாது, ஃப்யூஸும் வீணாகாது. பல்பு எரியும் நிலையிலேயே வயர் கட்டை ஒவ்வோர் அங்குலமாக அசைத்துப் பாருங்கள். எந்த இடத்தைத் தொட்டதும் பல்பு அணைகிறதோ, அங்கேதான் பழுது.

டேங்கை வண்டிக்கு அருகில் வைக்காதீர்கள். பெட்ரோல் குழாயிலிருந்து சொட்டியது துளிதான் என்றாலும் துடைத்து, ஆவி போகும்வரை காத்திருந்துவிட்டுச் சாவியைப் போடுங்கள்.

பதில் 2

மேலே சொன்னதை வழிமொழிகிறேன். ஃப்யூஸ் அடிக்கடி போகிறதே என்று யாராவது 20 அல்லது 30 ஆம்பியர் ஃப்யூஸ் போடச் சொன்னால் கேட்காதீர்கள். ஃப்யூஸ் காப்பது வயரை. அது போகாவிட்டால் வயர்தான் எரியும்.

கேட்டவர்

கண்டுபிடித்துவிட்டேன். ஸ்டியரிங் கழுத்தின் இடப்பக்கத்தில், வயர் கட்டையும் கிளட்ச் கேபிளையும் சேர்த்து யாரோ ஒரே டையால் இறுக்கிக் கட்டியிருக்கிறார்கள். ஹேண்டில் திரும்பும் ஒவ்வொரு முறையும் கேபிள், அந்த வயர் கட்டை ஃபிரேமின் மூலையில் அழுத்தித் தேய்த்திருக்கிறது. சாவிக்குப் போகும் மெயின் வயரின் மேலுறை நகத்தின் அளவுக்குத் தேய்ந்து செம்பு தெரிகிறது. இனி உரிக்கலாமா?

பதில் 1

இப்போது தாராளமாக உரிக்கலாம். பேட்டரியின் நெகட்டிவ் முனையை முதலில் கழற்றிவிடுங்கள். வயர்களைச் சொருகி இணைக்கும் ஒவ்வொரு கப்ளரையும் பிரிப்பதற்கு முன் படம் எடுங்கள். வண்ணங்கள் அழுக்கில் ஒன்றுபோலத் தோன்றும், நினைவை நம்ப முடியாது.

வேண்டாத வயரை நடுவில் வெட்டி முனையை டேப்பால் மூடுவது சீரமைப்பு ஆகாது. அது எங்கே கிளைக்கிறதோ அதுவரை பின்தொடர்ந்து சென்று அங்கிருந்தே நீக்குங்கள். கிளை பிரிந்த இடத்தில் மெயின் வயரின் மேலுறையைக் கீறியிருப்பார்கள் என்பதால் அந்தக் காயத்தையும் சரிசெய்ய வேண்டும். தேய்ந்த பகுதியை வெட்டி எடுத்து, அதே தடிமனுள்ள வயர்த்துண்டை இணைத்து, சூட்டில் சுருங்கும் ஸ்லீவ் போடுங்கள். இணைப்பு, வளையும் இடத்தில் வராமல் டேங்கின் நடுப்பகுதிக்குத் தள்ளிப் போகட்டும்.

இனி இறுக்கத்தைப் பற்றி. ஃபிரேமின் மேல் நேராக ஓடும் பகுதியைக் கட்டலாம். கழுத்தருகே மட்டும் எந்தக் கட்டும் வேண்டாம். ஹேண்டில் இரு முனைகளுக்கும் போய்வரும் அளவுக்கு வயர்கள் அங்கே தளர்ந்து, ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி நகர வேண்டும். இறுகச் சுற்றிய கட்டு ஒரே தடித்த கம்பிபோல மாறி, ஒரே புள்ளியில் மடிந்து மடிந்து உள்ளிருக்கும் செம்பிழைகளை முறித்துவிடும். மேலுறை பார்வைக்கு நன்றாகவே இருக்கும்; அத்தகைய பழுதைத் தேடுவது ஷார்ட்டைத் தேடுவதைவிடப் பெருந்துன்பம். கட்டிய டையின் வெட்டுமுனை கத்திபோல இருக்கும், அதை மழுங்கச் சீவிவிடுங்கள்.

பதில் 3

நான் எப்போதும் ஈயம் வைத்துப் பற்றவைத்தே இணைப்பேன், இதுவரை பழுது வந்ததில்லை. சாதாரண கறுப்பு டேப்பிற்குப் பதிலாகத் துணி டேப் வாங்குங்கள். என்ஜின் சூட்டில் சாதாரண டேப்பின் பசை இளகிவிடும். உங்கள் வண்டியில் வழிந்திருப்பதும் அதுதான்.

பதில் 1

துணி டேப் பற்றிச் சொன்னது மிகச் சரி. பற்றவைப்பதில் எனக்குச் சிறு மாறுபாடு உண்டு. உருகிய ஈயம் செம்பிழைகளுக்குள் ஏறி வயரை விறைப்பாக்குகிறது. விறைப்பு முடிந்து நெகிழ்வு தொடங்கும் இடத்தில் அதிர்வினால் வயர் முறிகிறது. நீங்கள் இணைப்புக்கு இருபுறமும் நல்ல தாங்கல் கொடுத்திருக்கக்கூடும், அதனால் தப்பியிருக்கும். சரியான இடுக்கியால் அழுத்திய லக்கையே (வயர் முனைகளைப் பிடிக்கும் உலோகத் துண்டு) நான் பரிந்துரைப்பேன்.

கேட்டவர்

லக் போட்டே இணைத்தேன். நீக்கிய வயர்களைத் தனியாகக் குவித்தபோது மீதமுள்ள கட்டு பாதியாக மெலிந்துவிட்டது. கூடவே இன்னொன்றையும் கவனித்தேன்: பேட்டரியில் 12.6 வோல்ட் இருக்க, ஹாரனை அழுத்தும்போது அதன் கப்ளரில் 11.1 வோல்ட்தான் வந்தது. டேங்கிற்கு அடியில் பச்சை பூத்திருந்த ஒரு கப்ளரைச் சுத்தம் செய்து, ஃபிரேமோடு இணையும் எர்த் வயரின் லக்கின் கீழிருந்த பெயிண்டைச் சுரண்டிய பிறகு 12.1 ஆயிற்று. டேங்கை இனி மாட்டலாமா?

பதில் 2

மாட்டலாம், ஆனால் போல்ட்டை இறுக்குவதற்கு முன் டேங்கை அதன் ரப்பர்களின் மேல் உட்காரவைத்து, முன்பக்க ரப்பருக்கும் ஃபிரேமுக்கும் இடையில் எந்த வயரும் நசுங்கவில்லை என்பதை டார்ச் அடித்துப் பாருங்கள். இக்னிஷன் காயிலிலிருந்து பிளக்கிற்குப் போகும் தடித்த வயர் கட்டோடு ஒட்டாமல் விலகியே இருக்கட்டும். பிறகு பேட்டரியை இணைத்து, ஃப்யூஸுக்குப் பதில் அந்த 21 வாட் பல்பையே மீண்டும் வைத்து, ஹேண்டிலைப் பத்து முறை இருபுறமும் முழுவதுமாகத் திருப்புங்கள். ஒரு முறைகூடப் பல்பு பளிச்சிடாவிட்டால் 15 ஆம்பியர் ஃப்யூஸைப் போட்டு வண்டியைக் கிளப்பலாம்.