வாடகைக்கு வருபவர்களிடம் அடுக்ககச் சங்கம் இத்தனை நிபந்தனைகள் விதிக்கலாமா?

வளசைவாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். வளசரவாக்கத்தில் ஒன்பது ஆண்டுகளாக ஒரே வீட்டில் வாடகைக்குக் குடியிருக்கிறோம். வீட்டுக்காரரின் மகன் வெளிநாட்டிலிருந்து குடும்பத்தோடு திரும்புவதால், வீட்டைக் காலி செய்து தரும்படி கேட்டுக்கொண்டார். மூன்று மாத அவகாசமும் கொடுத்திருக்கிறார். அவர்மீது எங்களுக்கு எந்த மனக்குறையும் இல்லை. ஆடி பிறப்பதற்குள் புது வீட்டில் பால் காய்ச்சிவிட வேண்டும் என்று என் மாமியார் சொல்வதால், சித்திரை முடிந்ததிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் வீடு பார்ப்பதிலேயே கழிகிறது. போரூர், இராமாபுரம், முகலிவாக்கம் என்று இதுவரை பதினேழு வீடுகள் பார்த்துவிட்டோம்.

அலைச்சலைவிட, போகும் இடமெல்லாம் கேட்கப்படும் கேள்விகள்தாம் எங்களைக் களைப்படையச் செய்கின்றன. புரோக்கர் தொலைபேசியை எடுத்ததும் வாடகையைப் பற்றிப் பேசுவதற்கு முன்பாகவே, "நீங்கள் என்ன ஆட்கள்? சைவமா, அசைவமா? எத்தனை பேர்?" என்கிறார். நான் செவிலியர், இரவுப் பணியும் உண்டு என்று சொன்னதும் ஒரு வீட்டுக்காரர் வீட்டைத் திறந்து காட்டவே மறுத்துவிட்டார். நள்ளிரவில் வெளிக்கதவு திறக்கும் சத்தம் மற்றவர்களுக்குத் தொந்தரவாம்.

கடைசியாகப் போரூர் அருகில் முப்பத்திரண்டு வீடுகள் கொண்ட அடுக்ககத்தில் ஒரு வீடு பிடித்துப்போனது. வாடகை 22,000 ரூபாய். அட்வான்ஸ் ஒன்றரை லட்சம். உரிமையாளர் எட்டு ஆண்டுகளாகத் துபாயில் இருக்கிறார், தொலைபேசியில் நன்றாகவே பேசினார். ஆனால், சங்க நிர்வாகிகள் எங்களை நேரில் பார்த்து ஒப்புதல் தந்தால்தான் சாவி கிடைக்கும் என்று புரோக்கர் சொன்னார். ஒரு மாலையில் சென்றோம். லிஃப்டுக்கு எதிரே மூன்று பிளாஸ்டிக் நாற்காலிகளில் மூவர் அமர்ந்திருந்தார்கள். நாங்கள் நால்வரும் நின்றுகொண்டிருந்தோம். மாமியாருக்கு மூட்டு வலி என்று சொன்ன பிறகு காவலாளி தன்னுடைய ஸ்டூலைக் கொண்டுவந்து கொடுத்தார். அவர்கள் சொன்ன நிபந்தனைகள்: குடிவரும்போது 5,000 ரூபாய் கட்ட வேண்டும், அது திரும்பக் கிடைக்காது, சாமான்களை லிஃப்டில் ஏற்றக் கூடாது, வாடகைக்குக் குடியிருப்பவர்களின் பிள்ளைகள் மாலை ஆறு மணிக்கு மேல் விளையாட்டு இடத்தில் இருக்கக் கூடாது, சங்கக் கூட்டங்களுக்கு வரக் கூடாது. இவற்றுக்கெல்லாம் காரணம் கேட்டபோது, "வாடகைக்கு வருபவர்கள் இன்று இருப்பார்கள், நாளைக்குப் போய்விடுவார்கள். கட்டடத்தின் மேல் உங்களுக்கு என்ன அக்கறை இருக்கப்போகிறது?" என்றார் ஒருவர். இரண்டாம் வகுப்புப் படிக்கும் என் மகள் அருகில்தான் நின்றிருந்தாள்.

திரும்பும்போது கீழ்த்தளத்தில் இருந்த பெயர்ப் பலகையைப் பார்த்தேன். முப்பத்திரண்டு வீட்டு எண்களுக்கு எதிரிலும் உரிமையாளர் பெயர்கள் மட்டுமே எழுதப்பட்டிருந்தன. அவற்றில் பதினான்கு வீடுகளில் வாடகைக்காரர்கள்தாம் குடியிருக்கிறார்கள் என்று காவலாளி சொன்னார். அந்தப் பதினான்கு குடும்பங்களின் பெயர் அந்தக் கட்டடத்தில் எங்கும் இல்லை.

இப்படிப்பட்ட நிபந்தனைகளை விதிக்கச் சங்கத்துக்கு உரிமை உண்டா? அட்வான்ஸ் தொகையைக் குறைத்துக் கேட்க வழி இருக்கிறதா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பத்திரக்காரன் எழுதியது:

சகோதரிக்கு வணக்கம். வாடகை ஒப்பந்தங்கள் எழுதுவது என் தொழில் என்பதால், சட்டப்படி உள்ள நிலையை முதலில் சொல்லிவிடுகிறேன். 1960ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இப்போது இல்லை. 2017இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம், வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் இருவருடைய உரிமைகளையும் பொறுப்புகளையும் வரையறுக்கிறது. அதன்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும்; வாடகை அதிகாரியிடம் பதிவு செய்து எண் பெற வேண்டும்; இணையவழியாகவே விண்ணப்பிக்கலாம்.

அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது என்பது பொது விதி. ஆனால், இரு தரப்பும் வேறு விதமாக ஒப்புக்கொண்டால் அதற்குத் தடையில்லை என்ற வாசகமும் அதே பிரிவில் இருக்கிறது. சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் என்ற வழக்கம் இன்னும் ஒழியாமல் இருப்பதற்கு அந்த ஒரு வாசகம் போதும். உங்களிடம் கேட்பது ஏறக்குறைய ஏழு மாத வாடகை. சட்டத்தின் மூன்று மாத அளவு 66,000 ரூபாய்தான் என்று சொல்லிப் பேச்சைத் தொடங்குங்கள். வீட்டைக் காலி செய்து ஒப்படைத்த ஒரு மாதத்துக்குள், நியாயமான பிடித்தம் போக மீதியைத் திருப்பித் தர வேண்டும் என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதச் செய்யுங்கள். வெள்ளையடிக்க ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்ளும் வழக்கம் இங்கே பரவலாக இருப்பதால், அதை எந்த நிலையில், எவ்வளவு பிடிக்கலாம் என்பதையும் இப்போதே பேசி எழுதிவிடுங்கள். வாய்ப்பேச்சாக விட்டுவிட்டுக் கடைசி நாளில் கண் கலங்கியவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

பதினொரு மாத ஒப்பந்தம் ஏன் என்று பலர் கேட்பதுண்டு. 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைக் கட்டாயம் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். அதைத் தவிர்க்கவே பதினொரு மாதம் என்று எழுதும் பழக்கம் வந்தது. புதிய சட்டத்தின்கீழ் வாடகை அதிகாரியிடம் செய்யும் பதிவு வேறு. பதினொரு மாத ஒப்பந்தம் என்றாலும் அதைச் செய்ய வேண்டும்.

சங்கத்தைப் பொறுத்தவரை, உங்கள் ஒப்பந்தம் உரிமையாளரோடுதான், சங்கத்தோடு அன்று. பொது இடங்களைப் பயன்படுத்தும் முறை பற்றிச் சங்கம் துணைவிதிகள் வகுக்கலாம், குடியிருப்பவர்கள் எல்லோரும் அவற்றை மதிக்கவும் வேண்டும். ஆனால் அந்த 5,000 ரூபாயும் ஆறு மணிக் கட்டுப்பாடும் துணைவிதியில் உண்மையிலேயே இருக்கின்றனவா, அல்லது நிர்வாகிகளின் வாய்மொழியா என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். பிரதி ஒன்றை உரிமையாளர் வழியாகக் கேளுங்கள். என்ன ஆட்கள், என்ன சாப்பிடுவீர்கள் என்று கேட்டு வீடு தர மறுப்பதைத் தனியாகத் தடை செய்யும் சட்டம் நம்மிடம் இல்லை. அது பெரிய குறை என்றே நான் கருதுகிறேன்.

மணப்பாக்கம் முன்னாள் செயலாளர் எழுதியது:

அம்மா, உங்கள் பதிவைப் படித்ததும் எனக்கு மிகுந்த வருத்தமாக இருந்தது. அந்த நாற்காலிகளில் ஒன்றில் நானும் பல ஆண்டுகள் உட்கார்ந்திருக்கிறேன் என்பதால்தான் எழுதுகிறேன்.

நானும் சொந்த வீட்டுக்காரன்தான். ஓய்வூதியப் பணத்தை முழுவதும் போட்டு வாங்கிய வீடு. சுவரில் ஒரு கீறல் விழுந்தாலும் மனம் பதறும். அந்தப் பதற்றத்தில், லிஃப்ட் பழுதானாலும், குப்பை சிதறிக் கிடந்தாலும், மோட்டார் எரிந்தாலும், வாடகைக்காரர்கள் செய்த வேலையாகத்தான் இருக்கும் என்று எங்கள் கூட்டங்களில் பேசிக்கொள்வோம். செயலாளராகக் கணக்குப் புத்தகத்தைக் கையில் எடுத்த பிறகே எனக்கு உண்மை விளங்கியது. மெயின்டெனன்ஸ் பாக்கி வைத்திருந்த ஏழு வீடுகளில் ஐந்து, உரிமையாளர்களே குடியிருந்த வீடுகள். மற்ற இரண்டும் பூட்டிக் கிடந்தவை. வாடகைக்குக் குடியிருந்தவர்கள் ஐந்தாம் தேதிக்குள் கட்டிவிடுவார்கள், ஏனென்றால் கட்டாவிட்டால் உடனே கேள்வி கேட்பதற்கு எங்களுக்குத் தயக்கமே இருந்ததில்லை. சொந்த வீட்டுக்காரரிடம் போய்க் கேட்கத்தான் எங்களுக்கு நா எழவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2015 செப்டம்பரில், திருமணமாகாதவர்களுக்கு இனி வாடகைக்கு விடக் கூடாது என்று தீர்மானம் போட்டோம். மூன்றாவது மாடியில் மூன்று இளைஞர்கள் இருந்தார்கள். ஒப்பந்தம் டிசம்பர் கடைசியில் முடிவதால் அதுவரை இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவைத்தோம். டிசம்பர் 1ஆம் தேதி இரவு அடையாற்று வெள்ளம் எங்கள் தெருவுக்குள் வந்தது. கீழ்த்தளத்தில் மின் மீட்டர் பெட்டிகளைத் தண்ணீர் தொடுவதற்குள் மெயின் சுவிட்சை அணைத்தவர்கள் அந்த மூன்று பேர்தாம். தரைத்தளத்தில் எண்பத்திரண்டு வயது அம்மையார் ஒருவர் இருந்தார். அவரை மர நாற்காலியோடு தூக்கி, இருட்டில் ஒவ்வொரு படியாக எண்ணிச் சொல்லிக்கொண்டே இரண்டாவது மாடிக்குக் கொண்டுபோனார்கள். நான் டார்ச்சு விளக்கைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தேன். தீர்மானத்தில் முதல் கையெழுத்து என்னுடையது. அதை ரத்து செய்யச் சொல்லிக் கூட்டத்தில் எழுந்து நிற்க எனக்கு மூன்று ஆண்டுகள் ஆயின. அதற்குள் அந்தப் பிள்ளைகள் எங்கோ போய்விட்டார்கள்.

ஆகவே, உங்களிடம் அப்படிப் பேசியவர்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்லமாட்டேன், பயந்தவர்கள் என்பேன். ஆனால் அந்தப் பயத்துக்கு உங்கள் குழந்தையின் விளையாட்டு நேரத்தைப் பலிகொடுக்க வேண்டியதில்லை. ஒரு நடைமுறை யோசனை உண்டு. சங்கத்தில் உறுப்பினராக இருப்பவர் உரிமையாளர்தான், வாக்கும் அவருக்குத்தான். ஆனால் தாம் வர இயலாத நிலையில், தம் சார்பில் நீங்கள் கூட்டத்தில் கலந்துகொள்ளலாம் என்று அவர் அதிகாரக் கடிதம் எழுதித் தர முடியுமா என்று கேளுங்கள். துணைவிதி அதற்கு இடம் கொடுக்கிறதா என்பதையும் பாருங்கள். எங்கள் சங்கத்தில் இப்போது நான்கு குடும்பங்கள் அப்படித்தான் கூட்டத்துக்கு வருகின்றன. குடிநீர் லாரிக் கணக்கில் இருந்த குளறுபடியைக் கண்டுபிடித்தவர் அவர்களில் ஒருவர்.

இருபது வருடத் தரகர் எழுதியது:

புரோக்கர்களைப் பற்றி அம்மா எழுதியதில் தவறில்லை. என் தரப்பையும் சொல்ல அனுமதியுங்கள். "என்ன ஆட்கள்" என்ற கேள்வியை நானும் கேட்கிறேன். கேட்கும்போது கூச்சமாகத்தான் இருக்கும். ஆனால் கேட்காமல் அழைத்துப்போய், வீட்டுக்காரர் வாசலிலேயே நிறுத்திப் பெயரையும் ஊரையும் விசாரித்துவிட்டு, "யோசித்துச் சொல்கிறேன்" என்று கதவைச் சாத்தும்போது, வந்த குடும்பத்தின் முகத்தைப் பார்க்க முடிவதில்லை. அந்த அவமானத்தை அவர்களுக்குத் தவிர்க்கிறேன் என்று வெகுநாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இப்போது அப்படி நினைக்க முடியவில்லை. கேள்வியை நான் கேட்டுவிடுவதால், வீட்டுக்காரர் அதை வாய்விட்டுக் கேட்க வேண்டிய சங்கடம் இல்லாமல் போகிறது, அவ்வளவுதான். சென்ற ஆண்டு முதல், அப்படிப்பட்ட நிபந்தனை சொல்லும் வீடுகளை நான் எடுத்துக்கொள்வதில்லை. வருமானம் குறைந்திருக்கிறது.

கமிஷன் பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டப்படி பதிவு செய்ய வேண்டியவர்கள், திட்டங்களில் மனையோ வீடோ விற்றுக்கொடுக்கும் முகவர்கள். வாடகை வீடு பிடித்துக் கொடுப்பவருக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. ஒரு மாத வாடகை என்பது வழக்கம்தானே தவிர விதியன்று, பேசிக் குறைக்கலாம். ஒப்பந்தம் கையெழுத்தாவதற்கு முன் கமிஷன் கொடுக்காதீர்கள். வீடு காட்டுவதற்கே ஐந்நூறு, ஆயிரம் என்று கேட்பவரிடம் போகவே வேண்டாம். டோக்கன் அட்வான்ஸ் கொடுப்பதானால் உரிமையாளரின் வங்கிக் கணக்கிலேயே செலுத்துங்கள், புரோக்கர் கையில் தர வேண்டாம். உரிமையாளர் வெளிநாட்டில் இருக்கும்போது, வீட்டு வரி ரசீதிலும் மின் கட்டண அட்டையிலும் அவர் பெயர்தான் இருக்கிறதா என்று பார்த்த பிறகே பணம் அனுப்புங்கள்.

ஆடி பிறந்துவிடும் என்ற அவசரத்தை யாரிடமும் காட்டிக்கொள்ளாதீர்கள். ஆடியில் யாரும் குடிபுகமாட்டார்கள் என்பதால், ஆனி கடைசி வாரத்தில் வீடு காலியாக இருந்தால் உரிமையாளருக்கும் ஒரு மாத வாடகை நஷ்டம். உங்களைப் போலவே அவருக்கும் அவசரம் உண்டு.

வளசைவாசி எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நீங்கள் சொன்னபடி துணைவிதியின் பிரதியை உரிமையாளர் வழியாகக் கேட்டு வாங்கினோம். அதில் 5,000 ரூபாய்க் கட்டணம் இருக்கிறது, ஆனால் அதை உரிமையாளர் செலுத்த வேண்டும் என்றே எழுதியிருக்கிறது. அவர் மறுபேச்சில்லாமல் கட்டிவிட்டார். தம் பெயரில் இப்படி வசூலிக்கிறார்கள் என்பதே அவருக்குத் தெரியவில்லை. லிஃப்டில் சாமான் ஏற்றுவது பற்றிய விதி எல்லோருக்கும் பொதுவானது, கட்டில், பீரோ போன்ற கனமானவற்றுக்கு மட்டும்தான். குழந்தைகள் விளையாடும் நேரத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அட்வான்ஸ் ஐந்து மாத வாடகையாக, 1,10,000 ரூபாய் என்று பேசி முடித்தோம். வெள்ளையடிக்கும் செலவு, வீட்டில் இரண்டு ஆண்டுகளுக்குக் குறைவாகக் குடியிருந்தால் மட்டும், ரசீதின்படி என்று எழுதியிருக்கிறோம்.

இந்த இடத்துக்கே போக வேண்டாம் என்றுதான் என் கணவர் முதலில் சொன்னார். முகம் திருப்பிக்கொள்ளும் மனிதர்கள் நடுவே தினமும் இறங்கி ஏற வேண்டுமா என்ற அவருடைய கேள்விக்கு என்னிடம் முழுமையான பதில் இல்லை. ஆனால் மகளின் பள்ளி நடந்துபோகும் தூரத்தில் இருக்கிறது, இரவுப் பணி முடிந்து வரும் எனக்குப் பேருந்து நிறுத்தமும் அருகில். மாமியாருக்கு அந்த வீட்டின் கிழக்குப் பார்த்த சன்னல் பிடித்துவிட்டது. அன்று ஸ்டூல் கொடுத்த காவலாளியை, பால் காய்ச்சும் நாளில் முதலில் அழைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

உரிமையாளர் அதிகாரக் கடிதமும் அனுப்பியிருக்கிறார். சங்கத்தின் அடுத்த கூட்டம் ஆவணியில். பெயர்ப் பலகையில் குடியிருப்பவர் பெயரையும் சேர்க்க வேண்டும், விளையாட்டு இடத்தின் நேரம் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற இரண்டையும் எழுதிச் செயலாளரிடம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தும் வாங்கி வைத்திருக்கிறேன்.