அரக்கு விட்டுப்போன தாயத்து, யாராவது வழி சொல்லுங்க
அப்பத்தாவின் வெள்ளித் தாயத்தை மகனுக்கு அரைஞாணில் கோத்திருந்தோம், தினமும் குளிப்பாட்டியதில் மூடியோரத்து அரக்கு பெயர்ந்து தண்ணீர் இறங்கிவிட்டது போல, ஓரமெல்லாம் பச்சைக் களிம்பு. உள்ளே எழுத்தாணியால் கட்டம் கீறிச் சுருட்டிய செப்புத் தகடு. புளி போட்டுத் தேய்த்தால் களிம்பு போகும், கீறிய எழுத்தும் மங்குமோ? தகட்டைப் பிரிக்காமல் வெயிலில் காயவைத்து அப்படியே அரக்கு வைக்கலாமா? எதையும் வாயில் வைக்கிற பிள்ளை, செம்புக் களிம்பு வயிற்றுக்கு ஆகாது என்று கழற்றிவிட்டேன், அதற்கே மாமியார் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறார் (பாண்டி கோவிலில் மந்திரித்ததாம்). தெற்காவணி மூல வீதியில் ஒரு கடையில் கேட்டால் புதுசு வாங்கிக்கோங்க என்கிறார்கள். புதுசு வேண்டாம். பழைய கூட்டுக்கு அரக்கு வைத்துத் தரும் நகைப் பத்தர் (ஆசாரி) யாராவது மதுரையில் இருந்தால் சொல்லுங்கள், அப்புறம் கூலி எவ்வளவு கேட்பார்கள்?